ஈசிஜி நார்மல், அப்புறம்?

மாவட்டத் தலைமை மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இரவுப் பணி பார்க்கும் எந்த டாக்டரைக் கேட்டாலும் இப்படி ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்வார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறார். மூச்சு வாங்குகிறது, உடம்பெல்லாம் வியர்வை, விரல்கள் மரத்துப்போய்விட்டன என்கிறார். கூட வந்தவர்கள் ஆட்டோவிலேயே அழத் தொடங்கியிருப்பார்கள். ஈசிஜி எடுக்கிறார்கள். நாடித்துடிப்பு கூடுதல், பிரஷர் கொஞ்சம் கூடுதல், மற்றபடி ஒரு குறையும் இல்லை. "ஒண்ணுமில்லம்மா, கேஸ் டிரபிளாத்தான் இருக்கும்" என்று ஓர் ஊசி போட்டு அனுப்புகிறார்கள். அடுத்த வாரம் அதே ஆள் திரும்பவும் வருகிறார். மூன்றாவது தடவை வரும்போது செவிலியர் முகத்தில் சலிப்பு தெரிகிறது. நான்காவது தடவை வீட்டார் முகத்திலும்.

முதல் தடவை ஈசிஜி எடுத்ததில் தவறே இல்லை. நெஞ்சுவலி என்று வருபவருக்கு இதயத்தைப் பார்க்காமல் மனத்தைப் பார்ப்பது ஆபத்தான வைத்தியம். அந்தத் தாள் நார்மல் என்று வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதே நம் கேள்வி. பெரும்பாலும் ஒன்றும் நடப்பதில்லை. இதயம் நன்றாக இருக்கிறது என்று சொன்னதோடு மருத்துவம் கை கழுவிக்கொள்கிறது. அந்த மனிதருக்கோ அன்று இரவு சாவு பக்கத்தில் வந்து நின்றுவிட்டுப் போயிருக்கிறது. என்ன நடந்தது என்று சொல்ல ஒருவரும் இல்லாமல் அவர் வீட்டுக்குப் போகிறார்.

நடந்ததற்குப் பெயர் உண்டு. திடீரென வந்து ஆளை உலுக்கிவிட்டுப் போகும் அந்தச் சில நிமிடங்களைப் பீதித் தாக்குதல் என்கிறார்கள். டாக்டர்கள் வாயில் பேனிக் அட்டாக். ஒருமுறை வந்துபோனால் அது நோயாகாது. திரும்பத் திரும்ப வந்து, அடுத்தது எப்போது வருமோ என்ற பயத்திலேயே பொழுது கழியும்போது நோயாகிறது. பதற்றக் கோளாறுகளில் ஊருக்குத் தெரிகிற வகை இது. தெரியாதவைதான் அதிகம். பிள்ளை வர ஐந்து நிமிடம் தாமதமானால் விபத்து என்றே முடிவுகட்டி, கணவர் இருமினால் புற்றுநோய்வரை யோசித்து, சிலிண்டரை மூடினோமா, தவணை கட்டினோமா என்று ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கிடக்கும் அம்மாவுக்கு இருப்பது பொதுப் பதற்றக் கோளாறாக இருக்கலாம். பெரும்பாலான நாட்கள் இப்படியே ஆறு மாதம் ஓடி, அன்றாட வேலை கெட்டால் மருத்துவம் அப்படித்தான் வகைப்படுத்துகிறது. நாலு பேர் பார்க்கச் சாப்பிடவோ, வகுப்பில் எழுந்து பதில் சொல்லவோ, வங்கியில் கையெழுத்துப் போடவோ முடியாமல் கை நடுங்குவது சமூகப் பதற்றம். ஊசி, உயரம், லிஃப்ட் என்று ஒன்றை மட்டும் பற்றியவை தனி. அம்மாவை விட்டுப் பள்ளிக்குப் போக முடியாமல் காலையில் வாந்தி எடுக்கும் குழந்தைக்கும் இந்தப் பட்டியலில் இடம் உண்டு.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021-இல் உலகெங்கும் சுமார் 35.9 கோடிப் பேருக்குப் பதற்றக் கோளாறு இருந்தது. மனநலக் கோளாறுகளில் இதுவே முதலிடம். ஆண்களைவிடப் பெண்களிடம் கூடுதல். நல்ல சிகிச்சை இருந்தும் நால்வரில் ஒருவருக்குத்தான் ஏதோவொரு சிகிச்சை கிடைக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015–16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, நோய்க்கு நோய் வேறுபட்டாலும் 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வெளியே இருப்பதாகச் சொன்னது.

இதைப் படித்ததும் மனநல மருத்துவர்கள் போதவில்லை என்பதில் வந்து நிற்போம். உண்மைதான், இந்தியாவில் லட்சம் பேருக்கு ஒருவர்கூட இல்லை. ஆனால் நாளைக்கே அவர்கள் எண்ணிக்கை இரட்டிப்பானாலும், ஈசிஜி அறையிலிருந்து வீட்டுக்குப் போனவர் அவர்களைத் தேடிப் போகப்போவதில்லை. தனக்கு இருப்பது இதய நோய் என்று நம்புகிறவர் மனநல மருத்துவரிடம் ஏன் போக வேண்டும்? அவர் நடக்கும் பாதையில் நிற்பவர்கள் வேறு ஆட்கள். தெருமுனை கிளினிக் டாக்டர், மருந்துக்கடைக்காரர், குடும்பம், வகுப்பாசிரியர், கம்பெனி சூப்பர்வைசர், விபூதி போடும் பூசாரி. இவர்களில் யாரும் இந்த நோயைத் தங்கள் வேலையாக நினைப்பதில்லை. இங்கே நான் வைக்கும் வாதம் இவ்வளவுதான்: பொறுப்பு அந்தப் பாதை நெடுகப் பரவிக்கிடக்கிறது, அதைக் கடைசியில் நிற்கும் மனநல மருத்துவர் தலையிலோ, முதலில் நிற்கும் நோயாளி தலையிலோ கட்டிவிட முடியாது.

முதலில் உடம்புக்குள் நடப்பதைப் பார்த்துவிடுவோம், இது கற்பனை நோய் என்று நினைப்பவர்கள் இன்னும் பலர் இருப்பதால். ஆபத்தை உணர்ந்து உடலை உசுப்பிவிடும் வேலையில் மூளையின் அமிக்டலா என்ற சிறு பகுதிக்கு முக்கியப் பங்கு. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைகிறது, ரத்தம் கைகால் தசைகளுக்குப் பாய்கிறது, செரிமானம் தடைபட்டு வயிற்றைக் கலக்குகிறது. பாம்பைக் கண்டவனுக்கு இதெல்லாம் உயிர்காப்பு. பதற்றக் கோளாறில் இந்தக் காவல் நாய் நிழலைப் பார்த்தும் குரைக்கிறது. நாய் நடிக்கவில்லை, நிஜமாகவே பயந்துதான் குரைக்கிறது. வேகவேகமாக மூச்சுவிடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல் நுனியும் உதடும் மரத்துப்போவதும் தலை கிறுகிறுப்பதும் அதனால்தான். அதைப் பக்கவாதம் என்றோ மாரடைப்பு என்றோ எடுத்துக்கொண்டால் பயம் இன்னும் ஏறுகிறது, மூச்சு இன்னும் விரைகிறது. உடல் காட்டும் சாதாரண அறிகுறியைச் சாவின் அறிகுறியாகப் படிப்பதால் பீதி வளர்கிறது என்று பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986-இல் விளக்கினார். பீதிக்கான இன்றைய பேச்சுவழிச் சிகிச்சை பெருமளவு அந்த விளக்கத்தின் மேல் நிற்கிறது.

சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போகும், பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் தணிந்துவிடும், உயிரை எடுக்காது. அவசரப் பிரிவில் இதைச் சொல்ல எத்தனை நேரம் ஆகும்? தைராய்டு கூடுதலாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் இதே படபடப்பு வரும், அதற்கு ரத்தம் பார்த்துவிடுங்கள், அதுவும் சரியாக இருந்தால் வெள்ளிக்கிழமை மனநலப் பிரிவுக்கு வாருங்கள் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்க எத்தனை நேரம் ஆகும்? இரவுப் பணியில் ஒரே டாக்டர் விபத்தையும் விஷம் குடித்தவரையும் பாம்புக்கடியையும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது தெரிந்தே கேட்கிறேன். அவர் பேச வேண்டாம். அச்சடித்த ஒரு துண்டுச்சீட்டு பேசட்டும்.

அடுத்து, இந்த நோய் ஒரு வாழ்க்கையை எப்படிச் சுருக்குகிறது என்று பார்ப்போம். இனி சொல்வது ஒருவருடைய கதை இல்லை; பலரிடம் ஒரே வரிசையில் நடப்பதைச் சேர்த்துச் சொல்கிறேன். அவிநாசிப் பக்கமிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் கம்பெனி வேனில் வரும் பெண் ஒருவர். செக்கிங் வேலை. ஒரு நாள் வேனில் ஜன்னலோரம் இடமில்லை, நெரிசல், முந்தின ராத்திரி சரியாகத் தூக்கமும் இல்லை. நெஞ்சு படபடக்கிறது, மூச்சு அடைக்கிறது, "வண்டிய நிறுத்துங்கண்ணா" என்று கத்திவிடுகிறார். இறங்கியதும் சரியாகிவிடுகிறது. அவர் மனம் அங்கே ஒரு பாடம் படிக்கிறது: இறங்கியதால் பிழைத்தோம். இறங்காமல் இருந்திருந்தாலும் அது தானாகவே தணிந்திருக்கும் என்பதைத் தெரிந்துகொள்ள அதற்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

மறுநாள் ஜன்னலோரம் கிடைத்தால்தான் ஏறுகிறார். அப்புறம், பக்கத்துவீட்டு அக்கா கூட வந்தால்தான். அப்புறம், தண்ணீர் பாட்டிலும் மாத்திரையும் பையில் இருந்தால்தான் வாசலைத் தாண்டுவது. பிறகு வேனே வேண்டாம், வீட்டுக்காரர் வண்டியில் கொண்டுவந்து விடுகிறார். அவருக்கு நைட் ஷிப்ட் மாறிய வாரம் முழுக்க இவர் லீவு. சில மாதங்களில் கம்பெனியை விட்டுவிட்டு வீட்டிலேயே பிசிறு வெட்டும் வேலைக்கு வந்துவிடுகிறார்; கூலி பாதிகூடத் தேறாது. ரேஷன் கடைக்கு மகன் போகிறான். கல்யாணத்துக்குப் போனால் மண்டபத்தில் நடுவில் உட்கார வேண்டிவருமே என்று மொய்க்கவரை மட்டும் கொடுத்தனுப்புகிறார். சொந்தக்காரர்கள் வைக்கும் பெயர் திமிர். தெருவில் வைக்கும் பெயர் சோம்பேறித்தனம். எந்த ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலும் அவர் பெயர் நோயாளி என்று இல்லை.

இந்த வரிசையில் வில்லன் யாருமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அக்கா கூட வந்தது அன்பு. கணவர் வண்டியில் விட்டது அன்பு. மகன் ரேஷன் வாங்கி வந்தது பொறுப்பு. ஆனால் அந்த உதவி ஒவ்வொன்றும் நோயின் பக்கம் போய்ச் சேர்ந்தது. வெளியே போகாமல் இருப்பதை எளிதாக்கியது. நம் குடும்பங்கள் பதற்ற நோயாளிகளைக் கைவிடுவதில்லை, மிக நன்றாகவே தாங்குகின்றன, அந்தத் தாங்கலில்தான் பத்து வருடம் ஓடிவிடுகிறது. இதைச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது. கூட்டுக்குடும்பத்தின் பெருமையை நாம் பேசும் மேடைகளில் இந்தப் பக்கம் வருவதே இல்லை.

அதற்காக "தைரியமா ஏறு, ஒண்ணும் ஆகாது" என்று பிடித்துத் தள்ளுவதும் வேலைக்காகாது. தள்ளி ஏற்றினால் அடுத்த தாக்குதல், அதன்பிறகு கதவு நிரந்தரமாகச் சாத்திக்கொள்ளும். பயந்ததைப் படிப்படியாகச் சந்திக்கப் பழக்கும் முறையை ஜோசப் வோல்பே என்ற மனநல மருத்துவர் 1958-இல் வெளியிட்ட நூலில் முறைப்படுத்தினார். பின்னால் வந்தவர்கள் அதை இன்னும் எளிமையாக்கினார்கள். வேன் பெண்ணுக்கு அது இப்படி இருக்கும்: ஞாயிற்றுக்கிழமை நின்றுகொண்டிருக்கும் வேனில் கணவரோடு பத்து நிமிடம் உட்கார்வது. அடுத்து ஒரு ஸ்டாப் தூரம். படபடப்பு வரும், வரட்டும், அது ஏறி இறங்கும்வரை இறங்காமல் இருப்பது. பிறகு கணவர் பின் இருக்கையில். பிறகு அவர் அடுத்த ஸ்டாப்பில் காத்திருப்பது. கணவர் இப்போதும் உதவுகிறார், முன்னைவிடக் கூடுதலாகவே உதவுகிறார். உதவியின் திசை மட்டும் மாறியிருக்கிறது. ஒரு நல்ல ஆலோசகர் குடும்பத்தை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தால் எழுத்தறியாத குடும்பமும் இதைச் செய்துவிடும்.

மருந்துக்கடைக்கு வருவோம். "அண்ணே, போன தடவ குடுத்தீங்களே, அந்தச் சின்ன மாத்திரை" என்று கேட்டால் நிறைய இடங்களில் கிடைத்துவிடுகிறது. அந்தச் சின்ன மாத்திரை பெரும்பாலும் அல்பிரசோலாம். அரை மணியில் பதற்றத்தைத் தணிக்கும், தூங்கவைக்கும். சில வாரங்களிலேயே உடல் அதற்குப் பழகிவிடும். அரை மாத்திரை ஒன்றாகும், ஒன்று இரண்டாகும். திடீரென நிறுத்தினால் பதற்றம் பலமடங்காகத் திரும்பும், சிலருக்கு வலிப்பே வரும். 2014 மார்ச் முதல் இது எச்1 அட்டவணையில் இருக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது; விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. அந்தப் பதிவேடு எத்தனை கடைகளில் நிஜமாக எழுதப்படுகிறது என்பதை மருந்துக்கடைக்காரர் சங்கங்களே தங்கள் கூட்டத்தில் எழுப்பலாம். மருந்து ஆய்வாளர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. பதற்றக் கோளாறுக்கு நீண்டகாலச் சிகிச்சையாகத் தரப்படும் எஸ்சிடலோபிராம், செர்ட்ரலின் போன்ற மருந்துகள் பலன் தெரியச் சில வாரங்கள் எடுக்கும். முதல் வாரம் குமட்டும், சிலருக்குப் படபடப்பு கொஞ்சம் கூடும். இதை முன்கூட்டியே சொல்லாத டாக்டரின் நோயாளி நாலாம் நாள் மாத்திரையைத் தூர எறிந்துவிட்டு "ஒத்துக்கல" என்று போய்விடுகிறார். பிறகு அவரைத் திரும்பக் கூட்டிவருவது கஷ்டம். அல்பிரசோலாம் போல இவை ஏங்கவைக்காது, ஆனால் இஷ்டத்துக்கு நிறுத்தவும் கூடாது. எல்லோருக்கும் மாத்திரை வேண்டும் என்றும் இல்லை; லேசான நிலையில் பேச்சுவழிச் சிகிச்சை மட்டுமே போதும். இதையெல்லாம் பொறுமையாகச் சொல்ல வேண்டியவர், ஒரு மாலையில் ஐம்பது பேரைப் பார்க்கும் தெருமுனை டாக்டர். "டென்ஷனக் கொறைங்க" என்பதோடு அவர் நிறுத்திக்கொள்கிறார்.

நம் ஊர்களில் இந்த நோய்க்கு மருத்துவத்துக்கு முன்பே ஒரு பெயர் இருந்தது: பயந்த கோளாறு. ராத்திரி எதையோ பார்த்துப் பயந்துவிட்டான், சாப்பிட மாட்டேனென்கிறான், திடுக்கிட்டுத் திடுக்கிட்டு எழுகிறான் என்று பூசாரியிடம் வேப்பிலை அடிக்கவோ, பள்ளிவாசலில் தண்ணீர் ஓதி வாங்கவோ கூட்டிப்போவார்கள். படித்தவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயத்தைக் குற்றமாகவோ குணக்கேடாகவோ பார்க்காமல், வந்து போகக்கூடிய ஒன்றாகப் பார்த்தது அந்த வழக்கம். ஒரு பெரிய மனுஷர் உட்காரவைத்து என்ன என்று கேட்டார், குடும்பம் சுற்றி நின்றது. மூன்று வாரம் கழித்தும் சரியாகாவிட்டால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் அதனிடம் பதில் இல்லை. இன்னொரு கோயில், இன்னொரு தாயத்து என்று காலம் போகும். அதன் இருண்ட முனையை 2001 ஆகஸ்ட் 6-இல் ஏர்வாடியில் பார்த்தோம்; சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் மாண்டார்கள். பிற்பாடு அதே ஏர்வாடி தர்காவில் பிரார்த்தனையையும் மருந்தையும் பக்கம்பக்கமாக வைக்கும் திட்டத்தை அரசே நடத்தியது. அந்த வழி சரி. "விபூதி வாங்கிக்கோ, அப்படியே ஆஸ்பத்திரிக்கும் ஒரு எட்டு போயிட்டு வா" என்று ஒரு பூசாரி சொன்னால், அது பத்து விழிப்புணர்வுப் பேரணிக்குச் சமம்.

நாமெல்லாம் சேர்ந்து செய்த ஒரு கெடுதலையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1794-இல் தொடங்கிய மரபுள்ள, ஆயிரக்கணக்கானவர்களைத் தேற்றி அனுப்பிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் ஊர்ப்பெயரை வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். சினிமாக் காமெடியிலும் டீக்கடைப் பேச்சிலும் அது இன்னும் ஓடுகிறது. ராத்திரி தூக்கம் வராத, வேனில் ஏற முடியாத ஒருவர் மனநலப் பிரிவு வாசலில் நின்று திரும்பிப் போவதற்கு இந்தச் சிரிப்பும் ஒரு காரணம். அவருடைய பயமெல்லாம் நோயைப் பற்றியதல்ல, அங்கே தன்னை யாராவது பார்த்துவிட்டால் தங்கச்சி கல்யாணம் நின்றுவிடுமே என்பது.

ஒரு நியாயமான ஆட்சேபத்தையும் கேட்டுவிடுவோம். எல்லாக் கவலையையும் நோயாக்கிவிடலாமா? கூடாதுதான். குழுக்கடன் தவணை நாளன்று வாசலில் வசூல்காரர் வந்து உட்கார்ந்துகொண்டால் யாருக்கும் நெஞ்சு படபடக்கும். அதற்கு மாத்திரை கொடுப்பது அயோக்கியத்தனம். கடன் வசூலில் மிரட்டலைத் தடுக்கத் தமிழகச் சட்டப்பேரவை 2025-இல் ஒரு சட்டம் இயற்றியது. அதை யாரும் மனநலச் சட்டம் என்று அழைக்கவில்லை, ஆனால் கிராமத்துப் பெண்களின் தூக்கத்தை மீட்டுத்தருவதில் அது உறுதியாக அமலானால் பல ஆலோசனை மையங்களைவிடக் கூடுதலாகச் செய்யும். வாழ்க்கையில் நிஜமாகவே ஆபத்து இருக்கும் இடத்தில் ஆபத்தை நீக்க வேண்டும். ஆபத்து போன பிறகும், அல்லது ஆபத்தே இல்லாதபோதும், உடல் மாதக்கணக்கில் அலறிக்கொண்டே இருந்தால் அங்கே சிகிச்சை வேண்டும். இரண்டும் ஒரே ஆளிடம் ஒன்றாக இருப்பதும் உண்டு. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத்தான், உட்கார்ந்து கேட்கும் ஓர் ஆள் தேவை.

பள்ளிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வாரத்திலும் நீட் வாரத்திலும் ஆலோசனை எண்கள் செய்தியில் வருகின்றன, நல்லது. ஆனால் பதற்றம் ரிசல்ட் நாளில் பிறப்பதில்லை. திங்கட்கிழமை காலையில் மட்டும் வயிற்றுவலி வரும் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு ஸ்கேன்மேல் ஸ்கேன் எடுக்கிறோமே, அங்கேயே அது தொடங்கிவிடுகிறது. "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று நாற்பது பேர் முன்னால் கேட்கும் ஆசிரியர் அந்தப் பிள்ளையை இன்னும் உள்ளே தள்ளுகிறார். போகட்டும் பாவம் என்று அவளிடம் கேள்வியே கேட்காமல் விடும் ஆசிரியரும், நல்ல எண்ணத்தோடுதான், அதையே செய்கிறார். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு வரி படிக்கச் சொல்வது, அடுத்த மாதம் இரண்டு வரி, என்று கொண்டுபோகும் ஆசிரியர் எந்தப் பயிற்சியும் இல்லாமலே பாதி சிகிச்சையைச் செய்துவிடுகிறார். 2022-இல் மருத்துவக் கல்லூரிகளில் மாணவர்களுக்காக 'மனம்' என்ற மனநல நல்லாதரவு மன்றங்களை அரசு தொடங்கியது. பாலிடெக்னிக் மாணவருக்கும் ஐடிஐ மாணவருக்கும் மனம் இருக்கிறது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன.

வேலை கொடுப்பவர்கள் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். செக்கிங்கில் கைதேர்ந்த ஒரு பெண் வேலையை விட்டுப்போனால் புதிய ஆளைப் பழக்க எவ்வளவு நாள் ஆகும், எத்தனை பீஸ் ரிஜெக்ட் ஆகும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். வேனில் ஜன்னலோர இடத்தைச் சில வாரம் ஒருவருக்கு ஒதுக்குவதும், ஒரு மாதம் தாமதமாக வர அனுமதிப்பதும் அதைவிட மலிவு. இஎஸ்ஐயில் இருக்கும் தொழிலாளிக்கு டாக்டர் சான்று கொடுத்தால் நோய்க்கால உதவித்தொகை உண்டு. ஆனால் சான்றில் பதற்றக் கோளாறு என்று எழுத வேண்டாம், காய்ச்சல் என்று போடுங்கள் என்று தொழிலாளியே கெஞ்சும் நிலையில், நோயின் பெயர் கம்பெனி ஆபீசுக்குள் நுழைவதே இல்லை. நுழையாததால், அப்படி ஒரு நோயே தன் கம்பெனியில் இல்லை என்று முதலாளி நம்புகிறார். முதல் அடி முதலாளியிடமிருந்துதான் வர வேண்டும்: இந்தச் சான்றைக் கொண்டுவந்தால் வேலை போகாது என்று நோட்டீஸ் போர்டில் எழுதிப்போடுவது.

சட்டமும் ஒன்று இருக்கிறது. 2018 மே 29-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் அல்லது நிதியளிக்கும் மையங்களில் மனநல சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்கியது. உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. தாளில் அழகாகத்தான் இருக்கிறது. நம் காப்பீடுகள் பெரும்பாலும் ஆஸ்பத்திரிப் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தருகின்றன. பதற்றக் கோளாறுக்குப் படுக்கை தேவையே இல்லை; வாரம் ஒருமுறை முக்கால் மணி நேரம் பேச ஓர் ஆள் தேவை. அந்தக் கட்டணம் தனியாரிடம் ஒரு பனியன் கம்பெனித் தொழிலாளியின் நாள்கூலியை விழுங்கிவிடும். புறநோயாளி ஆலோசனையைக் காப்பீட்டுக்குள் கொண்டுவராத வரை, இணையான உரிமை என்பது இந்த நோயாளிகளுக்கு எட்டாத உயரத்தில்தான் இருக்கும்.

அந்த முக்கால் மணி நேரம் பேசுபவர் மனநல மருத்துவராகத்தான் இருக்க வேண்டுமா? இதற்குப் பதில் கோவாவில் கிடைத்துவிட்டது. மனநல மருத்துவர் விக்ரம் படேலும் சங்கத் அமைப்பினரும் அங்கே நடத்தி 2010-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், மருத்துவப் பட்டம் எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆலோசகர்களாக உட்காரவைத்தார்கள். பதற்றமும் மனச்சோர்வும் உள்ளவர்களை அவர்கள் பார்த்தார்கள். தேவைப்பட்டவர்களுக்கு டாக்டர் மருந்து கொடுத்தார். சிக்கலானவர்களை மட்டும் மனநல மருத்துவர் பார்த்தார். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்த ஏற்பாடு இருந்த இடத்தில் ஆறு மாத முடிவில் சுமார் 66 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள், இல்லாத இடத்தில் சுமார் 42 சதவீதம். தனியார் கிளினிக்குகளில் அத்தகைய வித்தியாசம் தெரியவில்லை. எனக்கு இதில் பிடித்த பகுதி அதுதான்: கவனித்துக் கேட்க ஆளில்லாத இடத்தில், கேட்பதற்கு ஓர் ஆளை வைத்ததே பெரிய வேலையைச் செய்திருக்கிறது.

தமிழ்நாட்டில் இதற்கு வேண்டிய எலும்புக்கூடு ஏற்கெனவே நிற்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் நாட்டில் நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது அதில் ஒன்று திருச்சி. இன்று அது மாநிலம் முழுவதும் இயங்குகிறது. 2022 அக்டோபரிலிருந்து 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கி ஊர் ஊராகப் போயிருக்கிறது. ஆட்சி மாறினால் பெயர் மாறும் திட்டங்கள் நம்மிடம் நிறைய உண்டு. மனநலத்தைப் பொறுத்தவரை இரண்டு பெரிய கட்சிகளும் எதிரெதிராக நிற்க வேண்டிய காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அந்தத் திட்டத்தில் வீட்டுக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலர் பிரஷர் பார்க்கும்போதே இரண்டு கேள்வியையும் கேட்கலாம். போன இரண்டு வாரத்தில் மனசு படபடப்பாக, பதற்றமாக இருந்ததா? கவலைப்படுவதை நிறுத்த முடியாமல் போனதா? பதற்றத்தை அளக்க 2006-இல் வெளியாகி இன்று உலகெங்கும் புழங்கும் ஏழு கேள்வித் தாளின் முதல் இரண்டு இவை. கேட்க ஒரு நிமிடம் போதும். ஆனால் "ஆமாம்மா, தினமும் இப்படித்தான் இருக்கு" என்று ஒரு பெண் சொல்லிவிட்டால் அவரை எங்கே அனுப்புவது என்பது கேட்பதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கேள்வியும் ஈசிஜியைப் போல ஒரு தாளில் முடிந்துவிடும். ஆகவே சட்டப்பேரவையில் சுகாதாரத் துறை மானியக் கோரிக்கை வரும்போது எம்எல்ஏக்கள் முதலில் கேட்க வேண்டியது இது: ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு பயிற்சி பெற்ற ஆலோசகர் வீதம் எத்தனை பேரை இந்த ஆண்டு நியமிக்கிறீர்கள், அவர்களுக்குச் சம்பளம் எந்தத் தலைப்பில் ஒதுக்கியிருக்கிறீர்கள், மனநல மருத்துவர் தாலுகா ஆஸ்பத்திரிக்கு வரும் கிழமையை வாசல் பலகையில் எழுதிவைத்திருக்கிறீர்களா?